எட்டு டேக், எட்டு வேலை: வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு காம்பிங் வழிகாட்டி

ஒரே பாட்டை நான்கு இரவுகளில் 31 முறை பாடிப் பதிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சரியாகப் பாட வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. அப்புறம் இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் சுருதி சுத்தமான துண்டாகப் பொறுக்கி ஒட்டினேன். பிழை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் யாருக்கும் இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. 31 டேக்கும் (ஒரு முறை பாடிய பதிவுதான் ஒரு டேக்) ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம். தேர்ந்தெடுப்பதற்கு அங்கே எதுவுமே இருக்கவில்லை.

அடுத்த பாட்டுக்கு எட்டே டேக் எடுத்தேன். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வேலையை முன்கூட்டியே எழுதிவைத்தேன். அந்தப் பாட்டின் மெட்டில் பாதி, பதிவு தொடங்கும்போது என்னிடம் இல்லாதது. டேக்குகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் அது கிடைத்தது.

காம்பிங் என்பது ஒரே பகுதியைப் பல முறை பதிவு செய்து, வேண்டிய துண்டுகளை எடுத்து ஒரே டிராக்காகக் கோப்பது. பெரும்பாலானவர்கள் இதைப் பிழை திருத்தும் வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அதை மெட்டமைக்கும் வேலையாகச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் குரலை வைத்துச் சொல்கிறேன். வயலின், புல்லாங்குழல், கிட்டார் வாசிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. செலவைப் பாருங்கள்: பெரிதாக ஒன்றும் வேண்டாம்

ஒரு மைக் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), காதை மூடிக்கொள்ளும் ஹெட்ஃபோன். புதிதாக வாங்கினால் எல்லாம் சேர்ந்து பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் நல்லபடியாகவே முடிக்கலாம். தெரிந்தவர்களிடம் பழையது கிடைத்தால் இன்னும் குறையும். ஹெட்ஃபோனில் மட்டும் திறந்த வகையை வாங்கிவிடாதீர்கள். தாளம் காட்ட உள்ளே ஓடும் கிளிக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறும். இரண்டு டேக்கை ஒட்டும்போது அந்தக் கசிவு ஒரு துண்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

மென்பொருளுக்கு நான் ரீப்பர் வைத்திருக்கிறேன். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபருக்கான உரிமம் 60 டாலர். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். அதிலும் ஒரு பகுதியைச் சுழலவிட்டுப் பல டேக் எடுக்கலாம், ஆனால் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் சுற்றுவழி. லாஜிக் புரோவிலும், ஏபிள்டன் லைவ் 11 முதலான பதிப்புகளிலும் டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும். வேண்டிய இடத்தை மவுஸால் தேய்த்தாலே அது மேலே ஏறிவிடும். ஆடாசிட்டி மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை, ஒவ்வொரு டேக்கையும் தனித் தனி டிராக்காக வைத்து வெட்டி ஒட்டலாம். வேலை அதிகம், முடிவு அதேதான்.

கணினி வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வைத்தால் நிமிடத்துக்கு 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு டேக் 35 எம்பி, எட்டு டேக் 280 எம்பி. ஒரு படத்தைத் தரவிறக்குவதைவிடக் குறைவு. ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க டேக்குகளை அங்கேயே அழிக்காதீர்கள்.

2. தாள்களைத் தயார் செய்யுங்கள்

மூன்று தாள் வேண்டும். இதைச் சோம்பலில் தவிர்த்தால் பின்னால் நாட்கணக்கில் நேரம் போகும்.

முதலாவது, பாடல் தாள். இடப்பக்கம் வரிகள், ஒரு வரிக்கு ஒரு கட்டம். வலப்பக்கம் எட்டு பத்திகள், ஒன்று முதல் எட்டு வரை டேக் எண்கள். கேட்கும்போது இதில்தான் குறி போடுவீர்கள். கணினித் திரையில் வேண்டாம், அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் முடிவு செய்துவிடும், காதுக்கு வாய்ப்பே கிடைக்காது.

இரண்டாவது, அமைப்புத் தாள். தேதி, நேரம், சுருதி, தாள வேகம், இன்டர்ஃபேஸில் கெயின் குமிழ் (மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) எந்த எண்ணில் நிற்கிறது, மைக் வாயிலிருந்து எத்தனை அங்குலம், மின்விசிறி ஓடுகிறதா இல்லையா. குமிழைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நாளை ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி பாட வேண்டியிருக்கும், அப்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, வேறொருவர் பாடுகிறார் என்றால் மட்டும்: ஓர் ஒப்புதல் கடிதம். ஊதியம் எவ்வளவு, பாடல் எங்கெல்லாம் வெளியாகும், பதிவு யாருக்குச் சொந்தம் என்பதோடு ஒரு வரியைக் கூடுதலாகச் சேருங்கள்: "முதன்மை டிராக்கில் இடம்பெறாத பதிவுகளையும் பின்னணியாகவோ, இரட்டிப்பாகவோ (முதன்மைக் குரலோடு சேர்ந்து ஒலிக்கும்படி) பயன்படுத்த ஒப்புக்கொள்கிறேன்." பாடியவர், மீந்த டேக்குகள் குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். தான் தயங்கிய ஒரு முனகலைப் பாட்டில் கேட்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முன்பே கேட்டுவிட்டால் வருத்தத்துக்கு இடமில்லை. உரிமையை எழுதி வாங்குவதென்றால் கையெழுத்தோடு எழுத்தில்தான் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் வாய்ச்சொல்லாக மாற்றிக்கொடுத்த உரிமை செல்லாது.

3. நேரத்தைத் திட்டமிடுங்கள்

நான்கு நிமிடப் பாட்டுக்கு எட்டு டேக் என்றால் பாடும் நேரம் 32 நிமிடம். இடையில் தண்ணீர், ஓய்வு, குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குமேல் தொண்டை தளரும், டேக்குகளின் நிறம் மாறும். எட்டையும் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. நேற்றைய குரலும் இன்றைய குரலும் ஒரே வரிக்குள் ஒட்டாது. காலையில் எழுந்த குரலுக்கும் மாலைக் குரலுக்கும் நடுவில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குப் பால் வண்டி, ஏழு முதல் ஒன்பது வரை குக்கர் விசில், மாலையில் கோயில் ஒலிபெருக்கி. ஆகவே எனக்குப் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரைதான் பதிவு நேரம். உங்கள் தெருவின் அட்டவணையை ஒரு நாள் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் இரைச்சல் ஏறும். எதுவானாலும் எட்டு டேக்குக்கும் ஒரே நிலை இருக்கட்டும். மெல்லிய, மாறாத இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். வரிக்கு வரி வந்து போகிற இரைச்சல்தான் வெட்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

4. சுருதியும் தாளமும் பூட்டப்பட்டிருக்கிறதா?

சுருதிப் பெட்டிச் செயலியை வைத்துப் பாடுபவர்கள் இங்கே விழுகிறார்கள். ஐந்தரை கட்டை என்று செயலியிலும் போட்டு, கீபோர்டு டிராக்கையும் அதே சுருதியில் போட்டாலும், செயலியின் நுண்சரிசெய்தல் கொஞ்சம் நகர்ந்திருந்தால் இரண்டும் சேராது. சில டேக் தம்புராவைக் கேட்டுப் பாடியிருப்பீர்கள், சில டேக் கீபோர்டைக் கேட்டு. ஒட்டும்போது காரணம் தெரியாத ஒரு கசப்பு இருக்கும். தம்புராவை ஒரு முறை பதிவு செய்து, மென்பொருளில் அந்தப் பாட்டின் திட்டக் கோப்புக்குள்ளேயே ஒரு டிராக்காகப் போட்டுவிடுங்கள். எல்லா டேக்குக்கும் அதே தம்புராதான்.

கிளிக் வேண்டாம், சுதந்திரமாகப் பாடுகிறேன் என்றால் அதுவும் சரியே. ஆனால் அப்போது ஒரு டேக்கின் மூன்றாம் வரி இன்னொரு டேக்கின் நான்காம் வரியின் மேல் விழும். விருத்தம் மாதிரியான பகுதிக்கு மட்டும் அப்படி வைத்து, தாளத்தில் வருவதற்குக் கிளிக் போடுங்கள்.

உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டால் இன்டர்ஃபேஸில் இருக்கும் நேரடிக் கண்காணிப்பு (Direct Monitor) பொத்தானை அழுத்துங்கள். தாமதத்தோடு போராடிப் பாடிய டேக்குகளில் தாளம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி நழுவியிருக்கும்.

5. ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வேலை கொடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் இதயம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்து பாருங்கள். நான் இப்போது பின்பற்றும் வரிசை இது.

முதல் டேக்: எழுதிய மெட்டை எழுதியபடி. அலங்காரம் வேண்டாம். இது வரைபடம். எங்கே தொலைந்தாலும் இதற்குத் திரும்பலாம்.

இரண்டாம் டேக்: உச்ச ஸ்தாயி வரும் சரணத்தை முழு பலத்தோடு, மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று. குரல் சூடாகி, ஆனால் களைக்காமல் இருக்கும் நேரம் இதுதான். கடைசிக்கு வைத்தால் எட்டாது.

மூன்றாம் டேக்: பாப் ஃபில்டரை ஒட்டி, நான்கு அங்குலத்தில், பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பது போல. வீட்டில் வைத்திருக்கும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கத்துச் சத்தத்தையே அதிகம் பிடிப்பவை. நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். அந்தத் தடிப்பைக் குறையாக எண்ண வேண்டாம், அதை ஒரு நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் டேக்: தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுங்கள். ஒவ்வொரு வரியையும் அரை நொடி தயங்கித் தொடங்குங்கள்.

ஐந்தும் ஆறும்: சங்கதிகள். கச்சேரி கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல்லவி வரியை முதலில் எளிமையாகப் பாடி, திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு பிடியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதே வேலையை டேக்குகளில் பிரித்துவிடலாம். ஐந்தாம் டேக்கில் வரியின் முடிவை மட்டும் மாற்றுங்கள். ஆறில் எடுப்பையே, அதாவது வரியின் தொடக்கத்தையே மாற்றுங்கள். பிடிக்காமல் போனாலும் நிறுத்த வேண்டாம். வெட்டி எடுக்க இரண்டு நொடி கிடைத்தால் போதும்.

ஏழாம் டேக்: வார்த்தை இல்லாமல், 'ஆ' என்று நீட்டும் ஆகாரத்தில் அல்லது முனகலில் முழுப் பாட்டும். இதில்தான் பின்னணிக் குரல்கள் பிறக்கின்றன.

எட்டாம் டேக்: உங்களுக்குத் தோன்றியபடி. வரியை மாற்றலாம், பேசலாம், சிரித்துக்கொண்டே பாடலாம். இதை வெளியில் யாருக்கும் போட்டுக்காட்டப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு பாடுங்கள். என் அனுபவத்தில் இறுதிப் பாட்டில் குறைந்தது ஒரு வரியாவது இதிலிருந்துதான் வருகிறது.

பதிவின் சத்த அளவு, மென்பொருளின் அளவுமானியில் (அதில் பூஜ்ஜியம்தான் மேல் எல்லை), உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். சுழற்சிப் பதிவு என்ற வசதியில் பாட்டு தானாகத் திரும்பத் திரும்ப ஓடும். நான்கு வரிக்கு அது நல்லது. முழுப் பாட்டுக்கு வேண்டாம், மூச்சுவிடவும் குறிப்பு எழுதவும் நேரம் கொடுக்காது.

6. கேளுங்கள், குறியுங்கள். இன்னும் வெட்ட வேண்டாம்

பாடிய அன்றே கேட்காதீர்கள். எந்த வரிக்கு எவ்வளவு பாடுபட்டீர்கள் என்பது நினைவில் இருக்கும், கஷ்டப்பட்டுப் பிடித்ததெல்லாம் அழகாகக் கேட்கும். மறுநாள் எட்டு டேக்கையும் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள், இசையோடு சேர்த்து. குரலை மட்டும் தனியாகக் கேட்டால் யாரும் கவனிக்கப்போகாத சின்னப் பிழைகள் பெரிதாகத் தெரியும், உணர்ச்சி காதில் விழாது.

அதற்கு முன் ஒரு முக்கியமான வேலை: எல்லா டேக்கையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சத்தமான டேக்தான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூன்றாம் டேக்கின் மென்குரல் இதனாலேயே முதல் சுற்றில் தோற்றுவிடும்.

தாளில் மூன்று குறி போதும். டிக் என்றால் சரியாக இருக்கிறது. நட்சத்திரம் என்றால் மயிர்க்கூச்செறிகிறது. கேள்விக்குறி என்றால் விநோதமாக இருக்கிறது, ஆனால் காது அங்கே நின்றது. முதல் சுற்றில் எனக்கு டிக் மட்டும்தான் தெரிந்தது. இப்போது கேள்விக்குறிகளைத்தான் முதலில் தேடிப் போகிறேன்.

7. கோப்பது: இரண்டு வடிவம், தலா முப்பது நிமிடம்

டேக் டிராக்கை நகலெடுத்து இரண்டாக்குங்கள். ஒன்றுக்கு "நேர்", மற்றதுக்கு "மாற்று" என்று பெயர். நேர் வடிவத்தில் டிக், நட்சத்திரம் பெற்றவை மட்டும். மாற்று வடிவத்தில் நட்சத்திரமும் கேள்விக்குறியும் மட்டும், முதல் டேக்கைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் கடிகாரம் வைத்து முப்பது நிமிடம்தான். நேரக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் போகும்.

ரீப்பரில் ஒரே இடத்தில் எடுத்த டேக்குகளை கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் விரித்துக் காட்டும். எஸ் (S) அழுத்தினால் கர்சர் நிற்கும் இடத்தில் வெட்டும், டி (T) அழுத்தினால் அடுத்த டேக்குக்கு மாறும். இந்த மூன்று விசைகளோடு முழுப் பாட்டையும் முடித்துவிடலாம்.

மாற்று வடிவத்தில் எனக்குப் பலன் கொடுத்தவை:

பல்லவி நான்கு முறை வருகிறதா, நான்கு முறையும் வேறு டேக்கிலிருந்து எடுங்கள். எளியதிலிருந்து அலங்காரத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. தலைகீழாக, முழு அலங்காரத்தில் தொடங்கிக் கடைசிப் பல்லவியை மூன்றாம் டேக்கின் கிசுகிசுப்பில் முடித்துப் பாருங்கள். மெட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை, ஆனால் பாட்டின் பொருளே மாறிவிடுகிறது.

ஒரே வரியின் முன்பாதி தூரத்திலிருந்து, பின்பாதி காதருகிலிருந்து. கேள்வியும் பதிலுமாக இரண்டு பேர் பேசுவது போல ஆகும்.

ஒரு வரியின் நீண்ட முடிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரியை இன்னொரு டிராக்கில் தொடங்கிவிடுங்கள். ஒரு தொண்டையால் முடியாத காரியம் இது. அளவோடு, ஒரு பாட்டில் ஓரிடத்தில் மட்டும்.

மூச்சை முழுதாக அழித்துவிடாதீர்கள். ஆனால் ஒட்டும் இடத்தில் இரண்டு டேக்கின் மூச்சும் சேர்ந்து, ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை மூச்சிழுப்பதாக ஆகிவிடும். அடுத்த வரியை ஒட்டிவரும் மூச்சை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

8. எங்கே வெட்டுவது: தமிழ் எழுத்துகளே வழி சொல்லும்

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மாதங்கள் ஆயின. வல்லினம் இரட்டிக்கும் இடத்தில், அதாவது க்க, ட்ட, த்த, ப்ப வரும் இடத்தில், நாக்கோ உதடோ முழுதாக அடைத்துக்கொள்கிறது. அந்தக் கண நேரத்தில் குரல் இல்லை, மௌனம்தான். அங்கே வெட்டினால் கண்டுபிடிக்கவே முடியாது. என் பாட்டில் "கூரை விட்டுச் சொட்டுது மழை" என்று ஒரு வரி. 'விட்டு' என்பதன் நடுவில் வெட்டலாம், 'சொட்டுது' என்பதன் நடுவிலும் வெட்டலாம். இரண்டுக்கும் இடையில் 'ச்சொ' என்று அடைத்து வெடிக்கும் இடமும் தாங்கும். ஆனால் 'மழை' என்ற சொல்லுக்குள் கை வைக்காதீர்கள். மெல்லினமும் இடையினமும் உயிரோடு உயிரைத் தொடர்ச்சியாகக் கோக்கின்றன, அங்கே வெட்டுக்காயம் தெரியும். ஒற்றை வல்லினத்தையும் நம்பக் கூடாது. 'அகம்' என்பதில் வரும் க அடைப்பதே இல்லை.

ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க மங்க அடுத்தது எழுவது) வேண்டும், இல்லாவிட்டால் 'டிக்' என்று சொடுக்கும். மௌனத்தில் 5 முதல் 10 மில்லி நொடி போதும். மூச்சில் 30 வரை நீட்டலாம். நீட்டிப் பிடித்த உயிரெழுத்தின் நடுவில் ஒட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரு கணம் இரண்டு குரல் கேட்கும் அபாயம் உண்டு. அதைவிட அந்தச் சொல்லையே முழுதாக மாற்றிவிடுவது மேல்.

9. அடிக்கடி விழும் குழிகள்

பிட்ச் திருத்தத்தை, அதாவது மென்பொருளால் சுருதியைச் சரிசெய்வதை, காம்பிங்குக்கு முன்னால் போடாதீர்கள். எல்லா டேக்கும் ஒரே சாயலாகிவிடும், தேர்வு போய்விடும். கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது) இரண்டும்கூட கோத்து முடித்த பிறகுதான். கேட்க சுகமாக இருக்க வேண்டுமென்றால் ஹெட்ஃபோனில் மட்டும் ரிவர்ப் போகட்டும், பதிவில் ஏற வேண்டாம்.

சொல் சொல்லாக எடுப்பதைத் தவிருங்கள். என் கணக்கில் ஒரு வரிக்கு இரண்டு வெட்டு. அதற்குமேல் தேவைப்பட்டால் அந்த வரி இன்னும் பாடப்படவில்லை என்று பொருள், போய்ப் பாடுங்கள்.

மீந்த டேக்கைப் பல்லவியின் அடியில் இரட்டிப்பாகப் போடும்போது முதன்மைக் குரலைவிட 8 முதல் 12 டெசிபல் தாழ்த்துங்கள். அந்த இரட்டிப்புக் குரலில் வரும் ச, ஸ ஓசைகளையும் வரி முடிவின் மெய்களையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 'ஸ்ஸ்' என்று இரண்டு முறை சீறும்.

10. கோத்ததை மனப்பாடம் செய்து, ஒரே மூச்சில் பாடிப் பாருங்கள்

பலர் செய்யாமல் விடும் படி இது. மாற்று வடிவத்தை ஒரு கோப்பாக வெளியே எடுத்துக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் சமையலறையிலும் பேருந்திலும் கேட்டு, அந்த மெட்டு உங்கள் வாயில் படிந்த பிறகு, அமைப்புத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதையே தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு டேக் பாடுங்கள். துண்டுகளாக ஒட்டிய போது தற்செயலாக அமைந்த திருப்பங்கள் இப்போது உங்கள் சொந்தச் சங்கதிகளாக வரும். சில பாட்டுகளில் இந்தப் புதுப் பதிவே வென்றுவிடும். சிலவற்றில் ஒட்டியதுதான் நிற்கும், ஏனென்றால் தொலைவும் நெருக்கமும் ஒரே வரிக்குள் மாறுவதை ஒரு டேக்கில் பாட முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முடிவான டிராக்கை பாட்டின் பூஜ்ஜியம் நொடியிலிருந்து ஒரே வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். மிக்ஸிங் செய்பவருக்கு அதை மட்டும் அனுப்பினால் போதும். எட்டு டேக்கும் உள்ள திட்டக் கோப்புறையை, தாள்களின் படத்தோடு, வெளி வட்டில் நகலெடுங்கள். அந்த நகலை ஒரு முறை திறந்து எல்லா ஒலிக்கோப்பும் வருகிறதா என்று பார்த்த பிறகே கணினியில் இருப்பதைத் தொடுங்கள். நான் குறைந்தது ஓர் ஆண்டு எதையும் அழிப்பதில்லை. போன மாதம் ஒரு பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு முனகல் தேவைப்பட்டது. அது எட்டு மாதத்துக்கு முந்தைய இன்னொரு பாட்டின் ஏழாம் டேக்கில், அதே சுருதியில், தயாராக இருந்தது.